92ஆ, 95ஆ? மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு எந்தப் பெற்றோல் போதும்

எரிபொருள் நிரப்பு நிலையத்தில் வண்டியை நிறுத்தியதும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "தொண்ணூற்றிரண்டா, தொண்ணூற்றைந்தா?" யோசிக்க நேரம் இருக்காது. பின்னால் வரிசை நிற்கும். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சிலர் 95 என்பார்கள். கையிலுள்ள காசைப் பார்த்து வேறு சிலர் 92 என்பார்கள். சொல்லிவிட்டு, வண்டிக்கு ஏதோ குறை வைத்துவிட்டது போன்ற சங்கடத்தோடு புறப்படுவார்கள். அந்தச் சங்கடத்துக்குப் பெரும்பாலும் காரணமே இல்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் இதைத் தெமோதரையில் இருந்து எழுதுகிறேன். வெளியூர் ஆட்கள் இந்த இடத்தை ஒன்பது வளைவுப் பாலத்தாலும், நிலையத்துக்கு அடியிலேயே சுற்றிவந்து போகும் ரயில் பாதையாலும் அறிவார்கள். இங்கே வாழ்கிறவர்களுக்கு அன்றாடப் பயணம் பெரும்பாலும் ஓட்டோதான். பஸ் போகாத தோட்டப் பிரிவுகளில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதும், பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விடுவதும், பதுளைக்கும் பண்டாரவளைக்கும் சாமான் வாங்கப் போவதும் அதில்தான். அந்த ஓட்டோக்காரர்கள் சிலரிடம் எந்தப் பெற்றோல் அடிக்கிறீர்கள் என்று கேட்டேன். ஓர் அண்ணன் சொன்னார்: "இங்க பூரா ஏத்தம்தானே தங்கச்சி. 95 அடிச்சாத்தான் வண்டி இழுக்கும்னு சொல்றாங்க. எனக்கு என்னவோ ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியுது. ஆனா வண்டி பழுதாயிருமோன்னு பயமா இருக்கு."

அந்தப் பயத்துக்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு லீற்றருக்கு 40 ரூபா வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 5 லீற்றர் வீதம் மாதம் 25 நாள் ஓடினால் 125 லீற்றர். கூடுதலாகப் போகும் காசு 5,000 ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால், மூன்றரை நாளுக்கும் மேலாகக் கொழுந்து பறித்த கூலி அந்தத் தாங்கிக்குள் போகிறது.

ஒக்டேன் என்பது தரத்தைக் குறிக்கும் எண் அல்ல

பலர் நினைப்பதுபோல் 95 என்பது 92ஐவிடச் சக்தி கூடிய பெற்றோல் அல்ல. ஒரு லீற்றர் 95இலும் ஒரு லீற்றர் 92இலும் அடங்கியிருக்கும் வெப்பசக்தி ஏறக்குறைய ஒன்றுதான். ஒக்டேன் எண் சொல்வது வேறொரு விஷயத்தை: அமுக்கப்படும்போது தானாகத் தீப்பிடிக்காமல் அந்தப் பெற்றோல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை.

எஞ்சினுக்குள் நடப்பது இது. சிலிண்டருக்குள் காற்றும் பெற்றோலும் கலந்து வரும். பிஸ்டன் மேலே ஏறி அந்தக் கலவையை அமுக்கும். சரியான கணத்தில் பிளக் பொறி தட்டும். அங்கிருந்து தீ ஒழுங்காகப் பரவி பிஸ்டனைக் கீழே தள்ளும். வண்டி ஓடுவது அந்தத் தள்ளலில்தான். ஆனால் அமுக்கமும் சூடும் அளவுக்கு மிஞ்சினால், தீ வந்து சேருமுன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிக்கும். அப்போது கேட்கும் 'டிங் டிங்' என்ற சத்தத்தைத்தான் கராஜில் 'நொக்கிங்' என்கிறார்கள். எஞ்சின் தட்டுகிறது என்றும் சொல்வார்கள். இது தொடர்ந்தால் பிஸ்டன், பிளக், கஸ்கட் எல்லாம் பழுதாகும்.

இந்தத் தாங்கும் திறனை அளக்க இரண்டு திரவங்களை வைத்தார்கள். நன்றாகத் தாங்கும் ஐசோ ஒக்டேனுக்கு 100. கொஞ்சமும் தாங்காத ஹெப்டேனுக்கு 0. முன்னையது 92 பங்கும் பின்னையது 8 பங்குமாகக் கலந்தால் அந்தக் கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெற்றோல்தான் 92. இரண்டையும் சமமாகக் கலந்து அடித்தால் ஏறக்குறைய 93.5 கிடைக்கும். அதில் ஆபத்து எதுவும் இல்லை.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி "எது நல்ல பெற்றோல்?" என்பதல்ல, "என் எஞ்சின் எவ்வளவு அமுக்குகிறது, அதற்கு எந்த எண் போதும்?" என்பதுதான். போதுமான எண் கிடைத்துவிட்டால், அதற்கு மேலே உள்ளது அந்த எஞ்சினுக்குப் பயன்படாது.

மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள்

இந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் இல்லாமல் கற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களுக்கும் அந்த நாட்கள் தெரியும். சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் அந்த வாசனையும் அனுபவித்தவர்களுக்கு இன்றும் மறந்திருக்காது.

மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் பெற்றோலின் பக்கத்தில்கூட வராது. பிறகு எப்படி ஓடின? மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்கள் கலவையை ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்காக மட்டுமே அமுக்கின. அந்தக் குறைந்த அமுக்கத்தை மண்ணெண்ணெயும் ஓரளவு தாங்கியது. அதைவிடக் கூடுதலாக அமுக்கும் எஞ்சின்கள் தட்டின, பிளக்கில் கரி பிடித்தன, சீக்கிரம் தேய்ந்தன. பழைய கார் ஓடும், புதியது திணறும் என்று அன்றைக்கு மெக்கானிக்மார் அனுபவத்தில் சொன்னதுதான் ஒக்டேனின் முழுக் கதையும். எரிபொருளை எஞ்சினோடு பொருத்திப் பார்க்கவேண்டும் என்பதை, 2002 ஏப்ரலில் ஏ9 திறக்கும்வரை ஒரு முழுச் சமூகமும் நாளாந்தம் செய்துபார்த்தது. 2006 ஓகஸ்ட்டில் பாதை மறுபடி மூடப்பட்டதும் வன்னி மக்கள் அதே பாடத்துக்குத் திரும்பினார்கள்.

எந்த நாட்டு வண்டி, எந்த எண்

இன்று நம் வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் இந்திய வண்டிகளும் ஜப்பான் வண்டிகளும். அவற்றைச் செய்தவர்கள் எந்தப் பெற்றோலை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இந்தியாவில் சாதாரணப் பெற்றோலின் குறைந்தபட்ச ஒக்டேன் எண் நீண்டகாலமாக 91ஆக இருந்தது. பஜாஜ், ரிவிஎஸ் ஓட்டோக்களும், இந்தியாவில் இருந்து வந்த சுசுகி அல்ரோவும், நாம் ஓட்டும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களும் அந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டவை. நம் ஊர் 92 அதைவிட ஒரு படி மேல்.

ஜப்பானில் இரண்டு வகை உண்டு. 'ரெகுலர்' என்பதற்கு அந்நாட்டுத் தரநிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சம் 89. 'ஹைஓக்' என்று அழைக்கப்படும் உயர் வகைக்கு 96. வெகன் ஆர், எவ்ரி வான், விட்ஸ், எக்சியோ, அக்குவா ஆகியவை ஜப்பானில் ரெகுலரில் ஓடுபவை. அதாவது பிறந்த ஊரில் நம் 92ஐவிடக் குறைந்த எண்ணுக்குத் தயார் செய்யப்பட்டவை.

"ஹைபிரிட் என்றால் 95 கட்டாயம்" என்ற பேச்சு நம் நாட்டில் பலமாக உண்டு. பிரியஸ், அக்குவா எஞ்சின்களில் அமுக்க விகிதம் 13ஐத் தொடுகிறது என்பது உண்மைதான். எண்ணை மட்டும் பார்த்தால் பயம் வரும். ஆனால் இந்த எஞ்சின்களில் உள்வாங்கும் வால்வு தாமதமாக மூடும். கலவையின் ஒரு பகுதி வெளியே தள்ளப்பட்ட பிறகே அமுக்கம் தொடங்கும். அதனால் உண்மையில் நடக்கும் அமுக்கம் குறைவு, ரெகுலரும் போதுமாகிறது.

ஐரோப்பாவின் கதை வேறு. அங்கே சாதாரணப் பெற்றோலே 95தான். ஜேர்மன் கார்களும் மற்ற ஐரோப்பியக் கார்களும் அதற்கேற்பவே செய்யப்படுகின்றன. பிரித்தானியாவில் இருந்தும் பிரான்சில் இருந்தும் விடுமுறைக்கு வரும் உறவுகள், "நாங்கள் 95க்குக் குறைய அடிக்கிறதே இல்லை" என்று சொல்வதில் பொய்யில்லை. அவர்களுக்கு அதுதான் மலிவான வகை. கனடாவில் இருந்து வருகிறவர் "அங்கே 87 அடித்தே ஓடுகிறோம்" என்பார். அதுவும் சரிதான். வட அமெரிக்காவில் இரண்டு விதமான சோதனைகளின் சராசரியை எண்ணாகப் போடுகிறார்கள். அவர்களின் 87 நம் கணக்கில் ஏறக்குறைய 91 அல்லது 92. லண்டன் மாமாவும் ரொறன்ரோ சித்தியும் நம் வீட்டு முற்றத்தில் நின்று வாதிட்டால், இருவர் சொல்வதும் அவரவர் ஊருக்கு உண்மை. நம் வண்டிக்கான பதில் நம் வண்டியின் மூடியில் இருக்கிறது.

மலை ஏறினால் 95 வேண்டுமா

ஏற்றம் அதிகம் என்பதால் 95 வேண்டும் என்பது இந்தப் பகுதியில் நான் அதிகம் கேட்ட வாதம். பௌதிகம் அதற்கு நேரெதிராகச் சொல்கிறது. தெமோதரை கடல்மட்டத்தில் இருந்து சுமார் 900 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை 1,200 மீற்றரைத் தாண்டுகிறது. 900 மீற்றரில் காற்றழுத்தம் கொழும்பைவிடப் பத்துச் சதவீதம் அளவில் குறைவு. ரேர்போ இல்லாத எஞ்சினுக்குள் போகும் காற்றும் அதற்கேற்பக் குறைகிறது. காற்று குறைந்தால் அமுக்கமும் குறையும், தட்டும் வாய்ப்பும் குறையும். அமெரிக்காவின் ரொக்கி மலைப் பகுதிகளில் சாதாரணப் பெற்றோலை மற்ற இடங்களைவிட இரண்டு எண் குறைத்து விற்கும் பழக்கம் இந்தக் காரணத்தால் வந்தது.

அப்படியானால் ஏற்றத்தில் சில வண்டிகள் ஏன் தட்டுகின்றன? பெரும்பாலும் கியரில்தான் பிழை. மூன்றாம் கியரில் இழுக்க முடியாத இடத்தில் இரண்டாம் கியருக்கு இறக்காமல், எக்ஸிலரேற்றரை அழுத்திக்கொண்டே போனால் எஞ்சின் வேகம் குறைந்து பாரம் கூடும். தட்டல் வர அதைவிடத் தோதான நிலை இல்லை. கியரை இறக்கினால் சத்தம் நிற்கும். அதற்கு ஒரு ரூபாவும் கூடுதலாகத் தேவையில்லை.

காசுக் கணக்கு

95 அடித்தால் கிலோமீற்றர் கூடுதலாகக் கிடைக்கும் என்று நம்புகிறவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு விலைகளின் வித்தியாசத்தை 92இன் விலையால் வகுத்து, நூறால் பெருக்குங்கள். வரும் சதவீத அளவுக்காவது 95 கூடுதலாக ஓடினால்தான் போட்ட காசு திரும்பும்.

உதாரணத்துக்கு 92 லீற்றர் 300 ரூபா, 95 லீற்றர் 340 ரூபா என்று வைத்தால் 13.3 சதவீதம். 92இல் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் கார் 95இல் 17 கிலோமீற்றர் ஓடவேண்டும். இந்த இடைவெளி நிலையானதும் அல்ல. 2022 மே 24இல் 92 லீற்றர் 420 ரூபா, 95 லீற்றர் 450 ரூபா. ஜூன் 26இல் அவை 470, 550 என்று ஆயின. ஒரு மாதத்தில் 30 ரூபா இடைவெளி 80 ரூபாவானது. ஏழு சதவீதம் கூடுதலாக ஓடினால் போதும் என்றிருந்த கணக்கு 17 சதவீதமாகிவிட்டது. அதனால் விலை திருத்தப்படும் ஒவ்வொரு முறையும் இதைப் புதிதாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

உண்மையில் எவ்வளவு கூடுதலாக ஓடும்? அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2016இல் இதைச் சோதித்தது. சாதாரணப் பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட கார்களில் உயர் வகையை அடித்தபோது குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. இப்படித் தேவையில்லாமல் அமெரிக்கர்கள் ஓராண்டில் 2.1 பில்லியன் டொலர் செலவழித்தார்கள் என்று அந்தச் சங்கம் மதிப்பிட்டது. அடுத்த ஆண்டு, உயர் வகையைக் கட்டாயமாக்காமல் பரிந்துரை மட்டும் செய்யும் கார்களைச் சோதித்தார்கள். எரிபொருள் சிக்கனம் சராசரியாக 2.7 சதவீதம் கூடியது. 13 சதவீதம் தேவைப்படும் இடத்தில் 2.7 சதவீதம் எங்கே போய்ச் சேரும்?

95க்கு ஆதரவாக நியாயமாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. நம் நாட்டில் அது யூரோ 4 என்ற பெயரோடு விற்கப்படுகிறது. அந்தத் தரத்தில் கந்தகம் கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கந்தகம் குறைவது புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கிக்கும் நாம் சுவாசிக்கும் காற்றுக்கும் நல்லது. அதை மனதில் வைத்து ஒருவர் 95 அடித்தால் அது அவருடைய தெரிவு. வண்டி கூடுதலாக இழுக்கும் என்பதற்காக அடித்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

95 கட்டாயம் அடிக்கவேண்டியவர்கள்

எல்லோரும் 92க்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. எரிபொருள் மூடியிலோ கைநூலிலோ 95 என்று எழுதியிருந்தால் 95தான் அடிக்கவேண்டும். ஐரோப்பியக் கார்கள், ரேர்போ பூட்டிய பல கார்கள், ஹைஓக் கேட்கும் ஜப்பானின் உயர் ரகக் கார்கள் இந்த வகையில் வரும். ரேர்போ காற்றைத் திணித்து அனுப்புவதால் மலையுயரம் தரும் சலுகையும் அங்கே பெரிதாகக் கிடைக்காது.

இப்படிப்பட்ட கார்களில் 92 அடித்தால் என்ன ஆகும்? புதிய கார்களில் தட்டலை உணரும் சென்சர் இருக்கிறது. தட்டல் தொடங்கியதும் கணினி பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தும். எஞ்சின் தப்பிக்கும். ஆனால் இழுவை குறையும், பெற்றோலும் கூடுதலாகச் செலவாகும். மிச்சம் பிடிக்க நினைத்த காசு வேறு வழியில் போய்விடும். அவசரத்துக்கு ஒருமுறை 92 அடித்தால் மெதுவாக ஓட்டி, அடுத்த முறை 95க்குத் திரும்பலாம். வழக்கமாக்கக் கூடாது.

92இல் ஓடவேண்டிய வண்டி தட்டினால்

நேற்றுவரை 92இல் ஒழுங்காக ஓடிய ஓட்டோ இன்று தட்டினால், உடனே 95க்குப் போகவேண்டாம். காரணத்தைத் தேடுங்கள். பழைய எஞ்சினில் கரி படிந்திருக்கலாம். பொறி தட்டும் நேரம் மாறியிருக்கலாம். பிளக் பொருந்தாததாக இருக்கலாம். எஞ்சின் சூடேறலாம். 95 அடித்தால் சத்தம் குறையும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். காய்ச்சலுக்குப் பனடோல் போட்டுவிட்டு டெங்குவைக் கவனிக்காமல் விடுவது போன்றது அது. முதலில் பாஸிடம் காட்டுவதுதான் மலிவு.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் ஒக்டேன் விழும், எஞ்சின் தட்டும். மண்ணெண்ணெய் மலிவாக இருக்கும் காலத்தில் கலப்படத்தின் ஆசையும் கூடும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, குப்பி விளக்கையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் நம்பியிருந்த லயன் வீடுகள் அந்த அடியை நேரடியாக வாங்கின. இந்தியாவில் வாடிக்கையாளர் கேட்டால் நிரப்பு நிலையத்திலேயே செய்துகாட்டவேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. சுத்தமான வடிதாளில் ஒரு துளி பெற்றோல் விட்டால், இரண்டு நிமிடத்தில் கறை இல்லாமல் ஆவியாகவேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினால் சந்தேகப்படலாம். நெருப்பு, சிகரெட், சூடான எஞ்சின் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். பற்றுச்சீட்டை வாங்கி வைத்திருங்கள்.

மிச்சம் எங்கே இருக்கிறது

2022 ஜூலையில் கியூ.ஆர். குறியீடு வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர்தான். அந்த நாட்களில் ஒவ்வொரு சொட்டையும் எப்படி நீட்டுவது என்று எல்லோரும் கற்றோம். கற்றதை விட்டுவிடத் தேவையில்லை. ரயரில் காற்று குறைந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகும். அடைபட்ட எயார் ஃபில்ரரும் அப்படித்தான்.

இறக்கத்தில் நியூற்றலில் விடுவது மிச்சம் என்று நினைப்பது மிகவும் ஆபத்தானது. எல்ல, வெல்லவாயப் பக்க வீதிகளில் பிரேக் சூடேறி வேலை செய்யாமல் போனால் உயிருக்கே கேடு. பெற்றோல் விசிறும் முறையில் ஓடும் இன்றைய கார்களில், கியரில் விட்டபடி எக்ஸிலரேற்றரில் இருந்து காலை எடுத்தால் கணினி பெற்றோலை நிறுத்திவிடும். நியூற்றலில்தான் எஞ்சினை அணையாமல் வைக்கப் பெற்றோல் செலவாகும். கியரில் இறங்குவதில் பெற்றோலும் மிச்சம், பிரேக்கும் பாதுகாப்பு.

அடுத்த முறை நிரப்பு நிலையத்துக்குப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். எரிபொருள் மூடியின் உட்புறத்தைப் பாருங்கள், இல்லாவிட்டால் கைநூலைப் புரட்டுங்கள். 91, 92, ரெகுலர் அல்லது வட அமெரிக்கக் கணக்கில் 87 என்று இருந்தால் 92 போதும். 95 அல்லது ஹைஓக் என்று இருந்தால் 95 அடியுங்கள். ஜப்பானிய எழுத்து மட்டும் இருந்தால் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியும் வாசித்துச் சொல்லும். ஒருமுறை பார்த்துக் குறித்துவைத்தால் அந்த வண்டி இருக்கும்வரை போதும். பிறகு நிரப்பு நிலையத்தில் கேள்வி வந்ததும், பயமோ வெட்கமோ இல்லாமல் எண்ணைச் சொல்லலாம்.